பேச்சை இழந்த நோயாளியும் வைத்தியரும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், எமது கல்லூரியின் பழைய மாணவிகளான வைத்தியர் ஒருவரும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவரும் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நாங்கள் இருவரும் கடைசியாக ஒன்றாக மேடையேறியது பத்தாம் வகுப்பில், ஒரு விவாதப் போட்டியில். அன்று எதிரெதிர் அணியில் நின்றோம். இன்று ஒரே பக்கத்தில் நிற்கிறோம். எங்களில் ஒருவர் வைத்தியர், மற்றவர் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். எதைப் பற்றிக் கதைக்கலாம் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது சீனி வருத்தம், பிறஷர், முழங்கால் நோ என்று பல தலைப்புகள் வந்தன. நாங்கள் வேறொன்றைத் தெரிந்தோம். காரணம், எங்கள் இருவருக்கும் கற்பித்த ஓர் ஆசிரியை. அவர் இன்று எம்மிடையே இல்லை. அவருடைய மகளின் சம்மதத்துடன், பெயரைச் சொல்லாமல், நடந்ததைச் சொல்கிறோம்.

ரீச்சர் ஓய்வு பெற்றுப் பல வருடங்களின் பின் ஒரு காலைப்பொழுதில் பாரிசவாதம் வந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். வலது கையும் காலும் இயங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. இரண்டு நாட்களின் பின் ஒரேயொரு சொல் மட்டும் திரும்பி வந்தது. "நாளைக்கு" என்பதே அந்தச் சொல். சாப்பிட்டீங்களா என்றால் "நாளைக்கு". மகள் எங்கே என்றால் "நாளைக்கு". கோபம் வந்தாலும் "நாளைக்கு", சிரிப்பு வந்தாலும் "நாளைக்கு". வகுப்பில் ஒரு வசனத்தை நாலு விதமாகச் சொல்லத் தெரிந்தவர், அந்த ஒரு சொல்லையே நாலு தொனியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கிழமையில் ஒரு நாள் இரவு, கழிவறைக்குக் கூட்டிச் சென்றபோது அவர் சறுக்கி இருந்துவிட்டார். பெரிதாக விழவில்லை என்று எல்லோரும் நினைத்தோம். மறுநாள் காலை எங்களில் வைத்தியராக இருந்தவர் கட்டிலருகே நின்று, "ரீச்சர், நோ ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். ரீச்சர் தலையை ஆட்டி, "நாளைக்கு, நாளைக்கு" என்றார். தன் பழைய மாணவியைக் கண்டதில் முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. நோயாளர் குறிப்பேட்டில் "முறைப்பாடு எதுவுமில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில், அதே குறிப்பு.

மூன்றாம் நாள் வாட்டைச் சுத்தம் செய்யும் சிற்றூழியர் அக்கா படுக்கை விரிப்பை இழுத்தபோது ரீச்சரின் முகம் சுருங்கியதைக் கண்டார். அவர் ரீச்சரின் இடது காலில் கையை வைத்து, "இஞ்சையா?" என்றார். ஒன்றுமில்லை. வலது இடுப்புக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய், "இஞ்சையா?" என்றார். ரீச்சர் தன் இடது கையால் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் வலது தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருப்பது தெரிந்தது.

மூன்று நாட்களாக முறிந்த எலும்போடு ஒருவர் படுத்திருக்கிறார். நாங்கள் தினமும் வந்து கேட்கிறோம், அவர் தினமும் பதில் சொல்கிறார், நாங்கள் அதை எழுதி வைக்கிறோம். மருத்துவக் கல்வி எதுவும் பெறாத ஒருவர் இரண்டே கேள்விகளில் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். அவர் செய்தது என்ன, நாங்கள் செய்யத் தவறியது என்ன? இந்த உரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் இந்த வருத்தம் என்ன என்று பார்ப்போம். மூளையில் மொழியை ஆளும் பகுதிகள் சேதமடைவதால் வரும் மொழியிழப்பை அபேசியா என்கிறோம். வலது கைப் பழக்கமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இப்பகுதிகள் மூளையின் இடது பாதியில் உள்ளன. உடலின் வலது பக்கத்தை இயக்குவதும் இடது பாதியே. ஆகவேதான் வலது கை கால் விழும்போது பேச்சும் சேர்ந்து போவதைப் பலரிடம் காண்கிறோம். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அபேசியா ஏற்படுகிறது. தலையில் அடிபடுதல், மூளைக் கட்டி, மூளைத் தொற்று என்பவற்றாலும் வரலாம்.

இதை வேறு இரண்டு நிலைகளிலிருந்து பிரித்தறிய வேண்டும். நாக்கு, உதடு ஆகியவற்றின் தசைகள் பலவீனமடைந்து பேச்சுக் குழறுவது ஒன்று. அவருக்குச் சொற்கள் எல்லாம் உள்ளே இருக்கும், உச்சரிப்புத்தான் சரிவராது. பேனையைக் கொடுத்தால் முழு வசனமும் எழுதுவார். மற்றது, நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் மறதி நோய். அபேசியா உள்ளவர் இந்த இரு வகையிலும் சேரார். அவருக்குத் தன் பிள்ளைகளைத் தெரியும், வீட்டு வழி தெரியும், காசுக் கணக்குத் தெரியும், தனக்கு எங்கே நோகிறது என்பதும் தெரியும். அதைச் சொல்லாக்கும் பாதையே அடைபட்டிருக்கிறது. பலருக்குப் பிறர் சொல்வதை விளங்கிக்கொள்ளும் பாதை, வாசிக்கும் பாதை, எழுதும் பாதை ஆகியவையும் வெவ்வேறு அளவில் அடைபட்டிருக்கும்.

இதை மருத்துவ உலகுக்கு உணர்த்திய நோயாளியின் கதை எங்கள் ரீச்சரின் கதையைப் போன்றது. பாரிஸுக்கு அருகிலுள்ள பிசேத்ர் வைத்தியசாலையில் லெபோர்ன் என்றொருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்று மட்டுமே சொல்வார். அதனால் அங்கே அவருடைய பெயரே தான் ஆகிவிட்டது. ஏனைய நோயாளிகளுக்கு அவரைப் பிடிக்காது. கோபக்காரர் என்ற பெயரும் உண்டு. தன் சைகையை யாரும் விளங்கிக்கொள்ளாதபோது அவருக்குக் கோபம் வரும், அப்போது ஒரு வசைச் சொல் மட்டும் தெளிவாக வெளிவரும். 1861 ஏப்ரலில் அவருடைய வலது காலில் கடும் தொற்று ஏற்பட்டதால் போல் புரோக்கா என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் கொண்டுவரப்பட்டார். எத்தனை வருடங்களாக இங்கே இருக்கிறீர் என்று புரோக்கா கேட்டார். லெபோர்ன் தன் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பின் ஒரு விரலைக் காட்டினார். நாலைந்து இருபது, ஒன்று, மொத்தம் இருபத்தொன்று. அவர் அங்கு வந்து 21 வருடங்கள் ஆகியிருந்தன.

சில நாட்களில் லெபோர்ன் இறந்தார். புரோக்கா அவரது மூளையைப் பரிசோதித்து, இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அந்த இடம் இன்றும் புரோக்காவின் பெயரால் அழைக்கப்படுகிறது. மருத்துவ பீடத்தில் எங்களுக்கு மூளையின் அந்த இடத்தைப் படிப்பித்தார்கள். அந்த ஐந்து விரல்களைப் பற்றி யாரும் படிப்பிக்கவில்லை. ஒரு நோயாளியால் விரலால் கணக்குச் சொல்ல முடியும் என்பதை அறிய, அவரிடம் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1874 இல் ஜெர்மனியரான கார்ல் வேர்ணிக்கே இன்னொரு வகையை விவரித்தார். அவ்வகை நோயாளிகள் தடையின்றிக் கதைப்பார்கள். ஓசையும் ஏற்ற இறக்கமும் சரியாக இருக்கும், சொற்கள் பொருந்தாமல் இருக்கும். பிறர் சொல்வதும் அவர்களுக்குச் சரியாக விளங்காது. இவர்களை "மூளை குழம்பிவிட்டது" என்று தவறாக நினைத்து வேறு வைத்தியத்துக்கு அனுப்பிய சம்பவங்கள் உண்டு. பேசாதவரை விட, அதிகம் பேசுகிற இவர்களே வைத்தியரை எளிதில் ஏமாற்றிவிடுகிறார்கள்.

இனி எங்கள் தமிழுக்கு வருவோம். பாடப் புத்தகங்களில் இருக்கும் உதாரணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு உரியவை. தமிழ் நோயாளியிடம் நாங்கள் காணும் சிக்கல்கள் சில வேறு.

முதலாவது, எங்கள் தலையாட்டல். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையில் நாங்கள் ஆட்டும் தலை, வெளிநாட்டவருக்கு மட்டுமல்ல, சில வேளை எங்களுக்கே விளங்காது. அதோடு, வைத்தியருக்கு முன் "ஓம் டொக்டர்" என்பது எங்கள் ஊரில் ஒரு மரியாதை. கேட்டது விளங்கியதோ இல்லையோ அது வந்துவிடும். அபேசியா உள்ளவரிடம் இந்த மரியாதைச் சொல் இன்னும் இலகுவாக வரும், ஏனென்றால் யோசிக்காமல் வரும் சொற்களே அவரிடம் அதிகம் தப்பியிருக்கின்றன.

இரண்டாவது, நாங்கள் கேள்வி கேட்கும் விதம். "காய்ச்சல் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்பது வைத்தியர்களின் பழக்கம். இதற்கு "ஓம்" என்றால் காய்ச்சல் இல்லை என்று பொருள். "இல்லை" என்றாலும் காய்ச்சல் இல்லை என்றே எடுத்துக்கொள்வோம். எந்தப் பதில் வந்தாலும் நோயாளி சுகமாக இருக்கிறார் என்று முடியும் கேள்வி அது. ரீச்சரிடம் நாங்கள் கேட்டதும் அத்தகைய கேள்விதான்.

மூன்றாவது, மரியாதை விகுதி. ஆங்கில நோயாளி ஒருவர் வினைச்சொல்லின் முடிவை விட்டுவிட்டால் அரைகுறை வசனமாகக் கேட்கும், அவ்வளவுதான். தமிழில் வினையின் முடிவு போனால் மிஞ்சுவது "வா", "போ", "தா" என்ற ஏவல். "கொஞ்சம் தண்ணி தாங்கோ பிள்ளை" என்று ஆயுள் முழுவதும் சொல்லிவந்த ஓர் அம்மா, வருத்தத்தின் பின் தாதியைப் பார்த்து "தா" என்கிறார். மருமகனை "நீ" என்கிறார். அவள் என்பதற்கு அவன் என்கிறார். வீட்டார் வெட்கப்படுகிறார்கள், சிலர் கோபிக்கிறார்கள். "அம்மா இப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லை டொக்டர்" என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். மன்னிப்புக் கேட்க எதுவுமில்லை. அம்மாவின் மரியாதை போகவில்லை, விகுதி போய்விட்டது.

நான்காவது, பாட்டு. பேச முடியாதவர் பாடுவார். தேவாரமோ ஞானப்பாடலோ சிறுவயதில் மனனம் செய்தது சொல் பிசகாமல் வரும். ஒன்று முதல் பத்து வரை எண்ணுவார், கிழமை நாட்களை ஒழுங்காகச் சொல்வார். ரீச்சரைப் பார்க்கப் பழைய மாணவிகள் சிலர் வந்தபோது கல்லூரிக் கீதத்தை மெதுவாக முணுமுணுத்தோம். "நாளைக்கு" தவிர வேறு சொல் இல்லாத அவர், இரண்டாம் அடியிலிருந்து எங்களோடு சேர்ந்து சொல்லுடன் பாடினார். எல்லோரும் அழுதுவிட்டோம். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. பாட்டு வந்ததால் பேச்சு வந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. பழகிய சொற்கோவையும் பாட்டும் வரும் வழி வேறு, நினைத்ததைச் சொல்லாக்கும் வழி வேறு. "தேவாரம் பாடுறா, தண்ணி எண்டு கேக்கமாட்டா, பிடிவாதம்" என்று சொல்லும் குடும்பங்களை நாங்கள் பலமுறை சந்தித்திருக்கிறோம். அது பிடிவாதம் இல்லை என்று அந்தக் குடும்பத்துக்கு விளக்குவதே பல நேரங்களில் எங்கள் முதலாவது சிகிச்சை.

ஐந்தாவது, இரண்டு மூன்று மொழி அறிந்தவர்கள். எமது கல்லூரியின் மூத்த பழைய மாணவிகள் தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர்கள், பலருக்குச் சிங்களமும் தெரியும். பாரிசவாதத்தின் பின் எந்த மொழி முதலில் திரும்பும்? பிரான்ஸைச் சேர்ந்த ரிபோ, முதலில் கற்ற மொழியே திரும்பும் என்றார். 1895 இல் பித்ர், கூடுதலாகப் புழங்கிய மொழியே திரும்பும் என்றார். இரண்டுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டும் ஒன்றாகவே திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு, இவருக்கு எதுவும் விளங்கவில்லை என்று முடிவுசெய்யக்கூடாது. எங்கள் நாட்டில் இது சிறிய விடயம் இல்லை. தமிழ் நோயாளிக்குச் சிங்களம் பேசும் வைத்தியர் வாய்ப்பதும், சிங்கள நோயாளிக்குத் தமிழ் வைத்தியர் வாய்ப்பதும் அன்றாடம் நடக்கிறது. இரு மொழிகளும் அரச கரும மொழிகள். ஆனால் மருந்துச் சிட்டையும் நோயாளர் குறிப்பேடும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சுகமாக உள்ள ஒருவரே தடுமாறும் இடத்தில், சொல்லை இழந்தவர் என்ன செய்வார்?

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவோ அப்பாவோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ வைத்தியசாலையில் இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்கும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நோயாளி சொல்வதைத் திருத்தாமல், சொன்னபடியே சொல்ல வேண்டும். நல்ல மனதுள்ள மொழிபெயர்ப்பாளர் உடைந்த வசனத்தை ஒட்டவைத்து, அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். வைத்தியர் நோயாளிக்கு மொழிக் குறை எதுவுமில்லை என்று நினைத்துவிடுவார். பிள்ளைகளாகிய நாமும் அதையே செய்கிறோம். அம்மா "சட்டி" என்றதும், அவர் சொல்ல நினைத்தது "சட்டை" என்று எமக்குத் தெரியும், நாம் சட்டை என்றே சொல்லிவிடுவோம். வைத்தியர் அறியவேண்டியது அந்தச் "சட்டி"யைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? கனடாவின் ரொறன்ரோ நகரில் அபேசியா உள்ளவர்களுக்கென்றே இயங்கும் ஒரு நிலையம் உண்டு. அங்கே அவுரா கேகன் என்ற பேச்சு மொழிச் சிகிச்சையாளரும் அவரது சகபாடிகளும் ஒரு முறையை உருவாக்கினார்கள். அதன் அடிப்படை எளியது. நோயாளியின் திறமை உள்ளே மறைந்திருக்கிறது, அதை வெளிக்கொணரும் பொறுப்பு எதிரில் இருப்பவருடையது. 2001 இல் வெளியான அவர்களது ஆய்வில் 20 தொண்டர்களுக்கு இம்முறையில் பயிற்சி கொடுத்து, பயிற்சி பெறாத 20 பேருடன் ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுடன் உரையாடியபோது நோயாளிகளும் தம் கருத்தைக் கூடுதலாக வெளிப்படுத்தினார்கள். நோயாளிகளுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சாய்தளம் கட்டினால் சக்கர நாற்காலியில் இருப்பவர் உள்ளே வருவதைப் போல, எதிரில் இருப்பவர் மாறியதும் நோயாளி உரையாடலுக்குள் வந்துவிட்டார்.

அம்முறையையும் எங்கள் அனுபவத்தையும் சேர்த்து, வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் வீட்டாருக்கும் பொதுவான சில வழிகளைச் சொல்கிறோம்.

நோயாளியின் முன்னால், அவர் கண் மட்டத்தில் இருங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கதைக்காதீர்கள்.

கேள்வியை நோயாளியிடம் கேளுங்கள். கூட வந்தவரிடம் "இவவுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டால், கட்டிலில் இருப்பவர் அந்த நிமிடமே அறையை விட்டு வெளியேற்றப்பட்டதாக உணர்வார். கூட வந்தவரின் உதவி வேண்டுமானால், "மகளிட்டையும் கேக்கட்டோ அம்மா?" என்று அனுமதி கேளுங்கள்.

சத்தமாகக் கதைக்க வேண்டாம், காது கேட்கிறது. குழந்தையிடம் கதைப்பதுபோலவும் வேண்டாம். சிறிய வசனம், ஒரு நேரத்தில் ஒரு விடயம் போதும்.

ஒரு கடுதாசியும் தடித்த பேனையும் எப்போதும் கையில் இருக்கட்டும். கதைக்கும்போதே முக்கியமான சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். "நோ" என்று எழுதி, உடலின் உருவம் ஒன்றைக் கீறி, எங்கே என்று கேளுங்கள். சித்திரம் அழகாக இருக்கத் தேவையில்லை.

ஆம், இல்லை என்பதை வாயால் மட்டும் நம்பாதீர்கள். "ஓம்", "இல்லை", "தெரியாது" என்று மூன்றை எழுதி வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முக்கியமான கேள்வியை மறுபக்கமாகவும் கேளுங்கள். "நோகுதா?" என்று கேட்டு "ஓம்" வந்தால், சிறிது பொறுத்து, "சுகமா இருக்கா?" என்று கேளுங்கள். அதற்கும் "ஓம்" வந்தால் இரண்டு பதிலையும் எழுதாதீர்கள், தொட்டுப் பாருங்கள். சிற்றூழியர் அக்கா செய்தது இதுதான். முதலில் நோகாத இடத்தில் கையை வைத்தார், பிறகு நோகும் இடத்தில் வைத்தார். பதில் சொல்லச் சொல் தேவைப்படாத கேள்வியாக அதைக் கேட்டார்.

காத்திருங்கள். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நோயாளி சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் இன்னொரு கேள்வியைப் போட்டால், அவர் தேடியதும் தொலைந்துவிடும்.

கடைசியாக, அவர் ஒரு சொல்லில் சிக்கித் தடுமாறும்போது, "உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும், சொல்லுத்தான் வருகுதில்லை" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வசனத்தைக் கேட்டு, கிழமைக் கணக்கில் இறுகிக் கிடந்த முகங்கள் தளர்ந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

நேரம் எங்கே என்று வைத்தியத் துறையில் உள்ள சகோதரிகள் கேட்பீர்கள். வெளிநோயாளர் பிரிவில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் நாம் இப்போது எழுதும் "முறைப்பாடு எதுவுமில்லை" என்ற குறிப்புக்கும் நேரம் செலவாகிறது. தவறிய முறிவுக்குச் செலவான நேரத்தை யார் கணக்கிடுவது? சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் வாங்கும்போது இது இன்னும் பாரதூரமாகிறது. தலையாட்டல் சம்மதமாகாது. மறுபுறம், பேச்சு இல்லை என்பதற்காக அவரது முடிவை மகனிடம் ஒப்படைத்துவிடுவதும் சரியாகாது. ரீச்சரின் சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு கடுதாசியில் காலைக் கீறி, முறிவைக் காட்டி, ஆணி பொருத்துவதைக் காட்டி, செய்யாவிட்டால் படுக்கையிலேயே இருக்கவேண்டும் என்பதையும் கீறிக் காட்டினோம். அவர் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆணி பொருத்திய படத்தில் விரலை வைத்தார். கடுதாசியைத் திருப்பிப் பிடித்து மறுபடி கேட்டோம். மறுபடியும் அதே படத்தில் விரலை வைத்துவிட்டு, ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கும் மாணவியைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்.

நோயாளியைச் சோதிப்பதிலும் கவனம் தேவை. உலகெங்கும் பாவிக்கப்படும் பொஸ்டன் பெயரிடும் சோதனையில் 60 படங்கள் உள்ளன. பனிக்கட்டி வீடான இக்ளூ, பீவர் என்ற விலங்கு, பிரெட்சல் என்ற தின்பண்டம் ஆகியவை அவற்றுள் அடக்கம். எங்கள் ஊர் அம்மம்மாவுக்கு அவற்றின் பெயர் வராவிட்டால், மொழி போய்விட்டதா, அல்லது அவர் அதை ஒருநாளும் கண்டதில்லையா? துருவலை, சுளகு, நீத்துப்பெட்டி, இடியப்ப உரல், குத்துவிளக்கு என்று எங்கள் படங்கள் எங்களிடமே உருவாக வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு மொழிச் சிகிச்சையில் பட்டக் கல்வி உண்டு. ஆனால் தமிழில் சிகிச்சையளிக்கக்கூடியவர்கள் இன்னும் மிகச் சிலரே. உயர்தரத்தில் படிக்கும் தங்கைமாருக்கு இதை ஒரு அழைப்பாகச் சொல்கிறோம். உங்கள் தாய்மொழியே இத்தொழிலில் உங்கள் முதலாவது தகைமை.

ஓர் அவசர விடயத்தையும் சொல்லாமல் முடிக்கக்கூடாது. திடீரென ஒருவரின் முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தாழ்ந்து விழுந்தால், பேச்சுக் குழறினால் அல்லது பொருந்தாத சொல் வந்தால், அது பாரிசவாதமாக இருக்கலாம். எண்ணெய் பூசிப் பார்த்து, படுத்தெழும்பினால் சரிவரும் என்று காத்திருக்க வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, பொருத்தமான நோயாளிக்கு, 4½ மணித்தியாலங்களுக்குள் கொடுக்க வேண்டும். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர்காவு வண்டி இலவசமாக வரும். கடைசியாக அவர் சுகமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், விழுங்கும் சக்தியும் பாதிக்கப்பட்டிருந்தால் புரைக்கேறிவிடும்.

இறுதியாகச் சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, ஒரு படப் பலகை. நோ, தண்ணீர், கழிவறை, குளிர், பயம், மகள், மருந்து, வீடு போன்ற அன்றாடத் தேவைகளைப் படமாகவும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே அட்டையில் அச்சிட்டு, எமது பிரதேச வைத்தியசாலையின் ஒவ்வொரு வாட்டிலும் தொங்கவிட வேண்டும். நூறு வருடத்தைக் கொண்டாடும் சங்கத்துக்கு இது பெரிய செலவில்லை. மற்றது, அபேசியா உள்ள ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியிலும் ஒட்டக்கூடிய ஒரு பக்கம். "எனக்குப் பாரிசவாதத்தால் பேச்சுப் பாதிக்கப்பட்டுள்ளது. எனக்கு விளங்கும். மெதுவாகக் கதையுங்கள். எழுதிக் காட்டுங்கள். என் ஓம், இல்லை இரண்டையும் இரண்டு தரம் கேளுங்கள்" என்று அதில் இருந்தால் போதும். முன்பின் அறியாத வைத்தியரிடம் போகும்போது அந்தப் பக்கம் அவருக்காகப் பேசும்.

அந்தப் படப் பலகையின் முதற் பிரதியை நாங்கள் கையால் எழுதி ரீச்சரிடம்தான் கொண்டுபோனோம். அப்போது அவர் வீட்டில் இருந்தார், ஊன்றுகோலுடன் சில அடி நடப்பார், இருபது முப்பது சொற்கள் திரும்பியிருந்தன. அட்டையை மடியில் வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். இடது கையை நீட்டிப் பேனையைக் கேட்டார். நாங்கள் அவசரத்தில் "தண்ணிர்" என்று எழுதியிருந்தோம். நடுங்கும் கையால் அந்த விசிறிக்கு ஒரு சுழி போட்டுத் "தண்ணீர்" ஆக்கினார். பிறகு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, தலையை ஆட்டி, "நாளைக்கு" என்றார்.

நாளைக்குத் திருத்தி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வகுப்பில் சொல்வாரே, அந்தத் தொனி. நாங்கள் அன்றிரவே திருத்தி எழுதினோம்.